‘ஃபிட்டஸ்ட்’னா பலசாலி இல்லீங்க

ப்ளேஸ்மென்ட் சீசன் வந்துட்டா எல்லா காலேஜ்லயும் ஒரு ஸ்லைடு தவறாம வரும். ஒரு சிங்கம் படம், கீழே பெரிய எழுத்துல ‘சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்’. ட்ரெயினிங் எடுக்க வர்றவர் அதைக் காட்டி, “வலுவா இருக்கிறவன் நிப்பான், மத்தவன் காணாம போவான். இது நான் சொல்லல, டார்வின் சொன்னது” என்பார். ஹால்ல பாதி பேர் தலையாட்டுவாங்க. மூணு அரியர் வச்சிருக்கிறவன் மட்டும் குனிஞ்சு போன் பார்ப்பான்.

அந்த ஸ்லைடு தப்பு. அறிவியலாவும் தப்பு, அறிவுரையாவும் தப்பு. நாம இருக்கிற தாம்பரம் பக்கத்துலயே அதுக்கு ஆதாரம் கொட்டிக் கிடக்கு. கிண்டியில மான் இருக்கு, பள்ளிக்கரணையில பறவை இருக்கு, நம்ம மொட்டைமாடி டேங்க்ல கொசு இருக்கு. இந்த மூணையும் பார்த்தாலே இயற்கைத் தேர்வு என்ன பண்ணும், என்ன பண்ணாதுன்னு புரிஞ்சிடும்.

முதல்ல அந்த வார்த்தை. ‘சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்’ங்கிறதை உருவாக்கினவர் டார்வின் இல்ல, ஹெர்பர்ட் ஸ்பென்சர். 1864ல அவர் எழுதின உயிரியல் புத்தகத்துல வருது. டார்வினோட ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது 1859ல. இயற்கைத் தேர்வுன்னா யாரோ உக்காந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி ஜனங்க தப்பா புரிஞ்சுக்கிறாங்க, அதனால ஸ்பென்சர் வார்த்தையை எடுத்துக்கோங்கன்னு வாலஸ் 1866ல டார்வினுக்குக் கடிதம் எழுதினார். 1869ல வந்த ஐந்தாம் பதிப்புல டார்வின் அதைச் சேர்த்துக்கிட்டார். ஒரு தப்பான புரிதலைத் தடுக்கப் போய், அதைவிட மோசமான ஒரு புரிதல் வந்து ஒட்டிக்கிச்சு.

‘ஃபிட்’டுங்கிற வார்த்தைக்கு ஜிம்ல ஒரு அர்த்தம், துணிக்கடையில ஒரு அர்த்தம். “சட்டை உனக்கு பிட்டா இருக்கு”ன்னு சொல்றோமே, டார்வின் சொன்னது அந்த பிட். சட்டை நல்ல சட்டையா கெட்ட சட்டையாங்கிறது கேள்வியே இல்ல. இந்த உடம்புக்குப் பொருந்துதா, அவ்வளவுதான். உங்களுக்குக் கச்சிதமா இருக்கிறது உங்க தம்பிக்குத் தொளதொளன்னு இருக்கும். அதுக்காக அது மட்டமான சட்டை ஆயிடாது.

இயற்கைத் தேர்வு நடக்க மூணு விஷயம் போதும். ஒண்ணு, ஒரே இனத்துல இருக்கிற உயிர்களுக்குள்ள வித்தியாசம் இருக்கணும். ரெண்டு, அந்த வித்தியாசம் பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைக்குப் போகணும். மூணு, அந்த வித்தியாசத்தால சிலதுக்குப் பிள்ளைகள் அதிகமாகவும் சிலதுக்குக் குறைவாகவும் தங்கணும். இந்த மூணும் இருந்தா, தலைமுறை தலைமுறையா ஒரு குணம் பரவுறதைத் தடுக்க முடியாது. இதுல ‘பலம்’ங்கிற வார்த்தை எங்கயும் வரல, கவனிச்சீங்களா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க உடனே “இது ஜெனிட்டிக் அல்காரிதம் தானே”ம்பாங்க. பாதி சரி. ஆனா லேப்ல நாம ஃபிட்னஸ் ஃபங்ஷனை முன்னாடியே எழுதி வச்சிடுறோம். எங்க போகணும்னு ப்ரோகிராமுக்குத் தெரியாட்டியும் நமக்குத் தெரியும். இயற்கைக்கு அப்படி ஒரு இலக்கு கிடையாது. சூழல் மாறினா மதிப்பெண் போடுற விதியும் மாறிடும். யாருக்கும் சர்க்குலர் வராது.

சரி, கிண்டிக்குப் போவோம்.

கிண்டி தேசியப் பூங்கா மூணு சதுர கிலோமீட்டர் கூட இல்லாத ஒரு காடு. 1978ல தேசியப் பூங்கா ஆச்சு. அங்க ரெண்டு வகை மான் இருக்கு. ஒண்ணு புள்ளிமான், இன்னொண்ணு வெளிமான். முறுக்கின கொம்பு, ஆண்களுக்கு மேல கறுப்பு, வயித்துல வெள்ளை. ‘வெளிமான்’ங்கிற பேரைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வெளியில, அதாவது மறைவே இல்லாத திறந்த புல்வெளியில வாழ்ற மான். பேர் வச்ச நம்ம ஆளுங்க, அதோட சூழலையே பேரா வச்சிட்டாங்க.

வெளியில வாழ்றதுக்கு ஒளிஞ்சுக்க இடம் இல்ல. தூரத்துலயே எதிரியைப் பார்க்கணும், பார்த்ததும் ஓடணும். வெளிமான் மணிக்கு கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர் வேகத்துல ஓடும். இவ்வளவு வேகம் எதுக்கு? இந்தியாவில ஒரு காலத்துல அதைத் துரத்தின மிருகங்கள்ல ஓநாயும் உண்டு, சிறுத்தையை விட ஒல்லியா, வேகத்துக்கே பொறந்த சீட்டாவும் உண்டு. மெதுவா ஓடின மான் மாட்டிக்கிச்சு. தப்பிச்சதுங்க குட்டி போட்டுச்சு. ஆயிரக்கணக்கான தலைமுறைக்கு இப்படியே நடந்திருக்கணும். சீட்டா இந்தியாவில அழிஞ்சுபோச்சுன்னு 1952ல அறிவிச்சாங்க. 2022ல நமீபியாவில இருந்து கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துல குனோவில விட்டது வேற கதை. கிண்டியில சீட்டாவும் இல்ல, ஓநாயும் இல்ல. ஆனா மானோட காலு அதை மறக்கல. துரத்தினவன் போய் எத்தனையோ தலைமுறை ஆகியும் அது அதே வேகத்துலதான் ஓடுது.

இதுல நமக்கு ரெண்டு பாடம். உடம்புங்கிறது போன சூழலுக்கு எழுதின விடை, நாளைய கேள்வித்தாள் அதுக்குத் தெரியாது. இது முதல் பாடம். ரெண்டாவது இன்னும் கசப்பானது. கிண்டியில புல்வெளி இருந்த இடங்கள்ல மரமும் புதரும் மண்டினா, அந்த 80 கிலோமீட்டர் வேகத்தால வெளிமானுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. அதே இடத்துல புதர் ஓரத்துல மேயப் பழகின புள்ளிமான் சௌகரியமா இருக்கும். வெளிமான் பலவீனமாயிடுச்சா? இல்லவே இல்ல. அதே கால், அதே கண். வெளி போயிடுச்சு, அவ்வளவுதான். சிங்கம் படம் போட்ட ஸ்லைடுல இதை எங்க எழுதுவீங்க?

இப்போ கிழக்குத் தாம்பரத்துல இருந்து வேளச்சேரி பஸ் ஏறுங்க. மேடவாக்கம் தாண்டினா பள்ளிக்கரணை. ஒரு பக்கம் குப்பைமேடு, இன்னொரு பக்கம் ஐடி கட்டடம், நடுவுல மிச்சம் இருக்கிற சதுப்பு நிலம். 2022ல அதுக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைச்சது. மழைக்காலத்துல அங்க நீளவால் இலைக்கோழியைப் பார்க்கலாம். உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி நீள நீளமான விரல். ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச கணக்குதான்: அழுத்தம்னா விசையைப் பரப்பளவால வகுக்கணும். விரல் நீண்டா எடை பரவும், இலை மூழ்காது. தண்ணி மேல மிதக்கிற இலையில அது சாவகாசமா நடந்து போகும்.

அதோட குடும்ப வாழ்க்கை இன்னும் சுவாரசியம். பெண் பறவைதான் பெருசு. அது ஒரு ஆணோட சேர்ந்து முட்டை போட்டுட்டு அடுத்த ஆணைத் தேடிப் போயிடும். முட்டையை அடைகாக்கிறதும் குஞ்சைப் பார்த்துக்கிறதும் அப்பா வேலை. “ஆம்பளைன்னா இப்படித்தான், பொம்பளைன்னா இப்படித்தான், அதுதான் இயற்கை”ன்னு யாராவது ஆரம்பிச்சா, பள்ளிக்கரணைக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுங்க. இயற்கை ஒரே ஒரு மாடலை வச்சு ஓட்டுற கம்பெனி இல்ல.

அதே தண்ணியில நத்தைகுத்தி நாரையும் நிக்கும். ஜிஎஸ்டி ரோட்டுல இன்னும் தெற்கே போனா வேடந்தாங்கல்ல கூடு கட்டியிருக்கும். அலகை மூடினாலும் நடுவுல ஒரு இடைவெளி தெரியும். பார்த்த உடனே நம்ம இன்ஜினியர் மூளை என்ன சொல்லும்? பாக்குவெட்டி! நடுவுல நத்தையை வச்சு ஓட்டை உடைக்குது! ஆராய்ச்சியாளர்களும் முதல்ல அப்படித்தான் யோசிச்சாங்க. அப்புறம் உக்காந்து கவனிச்சுப் பார்த்தா, நாரை ஓட்டை உடைக்கிறதில்ல. கீழ் அலகோட நுனியை ஓட்டுக்குள்ள நுழைச்சு, நத்தை ஒட்டிக்கிட்டிருக்கிற தசையை வெட்டி, சதையை மட்டும் உருவி எடுக்குது. இன்னொரு விஷயம், குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் வரும்.

இதை ஏன் சொல்றேன்னா, பரிணாமத்தைப் பத்திக் கதை விடுறது ரொம்ப சுலபம். ஒரு உறுப்பைப் பார்த்து “இதுக்காகத்தான் வந்துச்சு”ன்னு சொல்லிடலாம். சோதிச்சுப் பார்க்கிற வரைக்கும் அது கதைதான். ஸ்லைடு போடுறவர் பண்றதும் அதேதான், அவர் நாரையைக் கூட பார்க்கல.

மான், பறவையெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷ விஷயம், கண் முன்னாடி நடக்கிறதைக் காட்டுன்னு கேட்கிறீங்களா? உங்க ஹாஸ்டல் ரூம்ல ராத்திரி காதுகிட்ட பாடுதே, அதுதான்.

1953ல இந்தியா தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பிச்சுது. வீடு வீடா சுவத்துல டிடிடி அடிச்சாங்க. பலன் பிரமாதம். 1965ல நாடு முழுக்க பதிவான மலேரியா சுமார் 1 லட்சம் பேருக்குத்தான். ஜெயிச்சாச்சுன்னு நினைச்சாங்க. 1976ல அது 64 லட்சத்தைத் தாண்டிடுச்சு. பணத்தட்டுப்பாடு, மெத்தனம், மருந்துக்கு அடங்காத மலேரியாக் கிருமின்னு பல காரணம் இருந்தது. அதுல ஒரு முக்கியமான காரணம், டிடிடிக்குச் சாகாத கொசு.

டிடிடி எந்தக் கொசுவுக்கும் எதிர்ப்பு சக்தியைக் கத்துக்கொடுக்கல. பூச்சியோட நரம்புல சோடியம் போய்வர்ற ஒரு கதவு இருக்கு. டிடிடி அந்தக் கதவை மூட விடாம பிடிச்சுக்கும், பூச்சி துடிச்சுச் செத்துடும். கோடிக்கணக்கான கொசுவுல சிலதுக்கு அந்தக் கதவோட அமைப்பு பிறவியிலேயே கொஞ்சம் மாறியிருக்கும். மருந்து அடிக்காத ஊர்ல அதால ஒரு லாபமும் இல்ல. மருந்து அடிச்ச ஊர்ல மத்ததெல்லாம் செத்துப்போய், அதோட பிள்ளைங்களுக்கு ஊரே காலி. சில கொசுக்கள்ல விஷத்தை உடம்புக்குள்ளயே சிதைக்கிற நொதி அதிகமா இருக்கும், அதுவும் இதே கதைதான். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, இன்னைக்கு நாம கொளுத்துற காயிலும் செருகுற லிக்விடும் தாக்குறது பெரும்பாலும் அதே சோடியம் கதவைத்தான். தாத்தா காலத்து டிடிடிக்குத் தப்பின மாற்றம், பேரனோட லிக்விடுலயும் கை கொடுக்கும்.

சென்னையில மலேரியா பரப்புற கொசு அனாஃபிலிஸ் ஸ்டெஃபன்சி. கிணறு, மூடாத மேல்நிலைத் தொட்டி, சம்ப்னு நல்ல தண்ணியில வளர்ற நகரவாசி. நம்ம புறநகர் வளர்ந்த விதம் அதுக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி. 2012ல இது ஆப்பிரிக்காவில ஜிபூட்டியில தென்பட்டுச்சு. கிராமத்து நோயா இருந்த மலேரியாவை இது நகரத்துக்குக் கொண்டுவந்திடுமோன்னு உலக சுகாதார நிறுவனமே கவலைப்படுற அளவுக்குப் போயிடுச்சு. ‘ஃபிட்டஸ்ட்’ யாருன்னு கேட்டா, சிங்கம் வண்டலூர்ல வேலிக்குள்ள இருக்கு, ரெண்டு மில்லிகிராம் கொசு கடல் தாண்டிப் போயிருக்கு.

நம்ம லோக்கல் ட்ரெயின்ல குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல ஒரு ஸ்டேஷன்: தாம்பரம் சானடோரியம். தினமும் அந்தப் பேரைக் கேட்கிறோம். 1928ல டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக ஆரம்பிச்ச மருத்துவமனைதான் அந்த சானடோரியம். அப்போ மருந்து கிடையாது. நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான். 1940கள்ல ஸ்ட்ரெப்டோமைசின் வந்துச்சு. முதல்ல நோயாளிகள் மளமளன்னு தேறினாங்க. சில மாசத்துல பலருக்கு மருந்து வேலை செய்யாம போச்சு. கிருமிக்குள்ள நடந்தது கொசுவுக்கு நடந்த அதே தேர்வு.

விடை கொடுத்தது ப்ராபபிலிட்டி. ஒரு மருந்துக்குத் தப்புற கிருமி 10 லட்சத்துல ஒண்ணு இருக்குன்னு வச்சுக்கோங்க. நுரையீரல்ல கோடிக்கணக்குல கிருமி இருந்தா, தப்புறதுக்கு ஆள் ரெடி. ரெண்டு மருந்தை ஒண்ணா கொடுத்தா, ரெண்டுக்கும் தப்பணும்: 10 லட்சத்தை 10 லட்சத்தால பெருக்கணும், ஒரு லட்சம் கோடியில ஒண்ணு. இதுதான் கூட்டு மருந்துச் சிகிச்சையோட அடிப்படை. அந்த மாத்திரைகளைப் பாதியில நிறுத்தக் கூடாதுன்னு ஏன் அவ்வளவு கண்டிப்பா சொல்றாங்கன்னும் இதுலயே இருக்கு. அதே மருத்துவமனை பின்னாடி எச்ஐவி சிகிச்சைக்கும் பேர் வாங்குச்சு. அங்கயும் கூட்டு மருந்துதான், அதே கணக்குதான். பரிணாமம் புரிஞ்சதால உயிரோட இருக்கிறவங்க அந்த ஸ்டேஷன்ல இறங்கி ஏறிக்கிட்டு இருக்காங்க.

இப்போ ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்க. கொசுவுக்கு ஒரு தலைமுறைன்னா ரெண்டு வாரம் போதும். கிருமிக்கு அதைவிடக் குறைவு. மானுக்கும் பறவைக்கும் வருஷக்கணக்கு. நாம சதுப்பு நிலத்தை மண் கொட்டி மூடுற வேகத்துக்கு இலைக்கோழியால விரலை மாத்திக்க முடியாது. அது வேற சதுப்பு தேடிப் போகும், இல்லாட்டி இல்லாம போகும். பள்ளிக்கரணையில ஒரு ப்ளாட் போடும்போது நாம ஒரு தேர்வு நடத்துறோம். காக்கா, எலி, கொசு பாஸ், இலைக்கோழி ஃபெயில். அந்த வினாத்தாள் எழுதினது நாமதான். அப்புறம் டிசம்பர்ல முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கும்போது, நாமளும் அதே தேர்வை எழுதுறோம்.

ட்ரெயினிங் சார் கேட்பார்: “அப்போ போட்டியே இல்லையா? நூறு பேர்ல பத்து பேரைத்தானே கம்பெனி எடுக்குது?” போட்டி இருக்கு, யாரும் மறுக்கல. ஆனா கம்பெனி இன்டர்வியூவுல பிறவிக் குணமும் இல்ல, தலைமுறையும் இல்ல. அந்த வருஷம் ஆர்டர் வந்தா ஐநூறு பேரை எடுப்பாங்க, வரலைன்னா ஐம்பது. போன பேட்சுல ஆஃபர் வாங்கினவனுக்கும் இந்த பேட்சுல வாங்காதவனுக்கும் நடுவுல மாறினது பெரும்பாலும் வெளிதான், மான் இல்ல. அதுவும் போக, இயற்கையில ஒண்ணு நடக்குதுங்கிறதால அப்படித்தான் நாமளும் நடந்துக்கணும்னு அர்த்தம் இல்ல. கல்லு கீழ விழும்னு தெரிஞ்சும் நாம மாடி கட்டுறோம், அதுக்குத்தானே நாலு வருஷம் படிக்கிறோம்.

இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. “படிப்பு எங்க ரத்தத்துலயே ஓடுது”ங்கிற பேச்சு. கோட்டா பத்தி ஹாஸ்டல்ல சண்டை வந்தா, குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல கவுன்சிலிங் கட்-ஆஃப் வந்தா, டார்வினை இழுத்து நடுவுல உக்கார வைப்பாங்க. எனக்கு இங்கிலீஷ் தடங்கல் இல்லாம வர்றது ஜீனால இல்ல, எல்கேஜில இருந்து வீட்டுல கட்டின ஃபீஸால. வீடு, நிலம், கோச்சிங், மாமா சொல்லிவிடுற இன்டர்ன்ஷிப் எல்லாமே அப்பாகிட்ட இருந்து பிள்ளைக்கு வருது. ஆனா அது பத்திரத்துல வருது, டிஎன்ஏவுல வரல. இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரியாத சமூகத்துல, யார் வேணும்னாலும் அறிவியல் பேரைச் சொல்லி அடுத்தவனை மட்டம் தட்டலாம்.

அந்த வித்தியாசத்தை எங்க படிக்கிறது? 2023ல என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துல இருந்து பரிணாமப் பகுதியை எடுத்துட்டாங்க. 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்து போட்டு எதிர்ப்பு சொன்னாங்க. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல்ல இருக்கேன்னு பதில் வந்துச்சு. நம்ம கிளாஸ்ல கைதூக்கச் சொல்லுங்க, பதினொண்ணாம் வகுப்புல மேக்ஸ்-கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவங்க எத்தனை பேர்னு. சிபிஎஸ்இயில படிச்சு வர்ற நம்ம ஜூனியர்கள்ல அந்த குரூப் எடுத்தவங்க, பரிணாமத்தைப் பத்தி ஒரு பக்கம் கூட பாடமா படிக்காமலே இன்ஜினியர் ஆயிடலாம். தமிழ்நாடு பாடத்திட்டத்துல பத்தாம் வகுப்புல அந்தப் பாடம் இருக்கு. அந்த விஷயத்துல சமச்சீர் பசங்க நம்மள விட ஒரு படி முன்னாடி.

அதனால என் கோரிக்கை சின்னதுதான். ஓப்பன் எலெக்டிவ்ல பரிணாமத்துக்கு ஒரு பேப்பர் வேணும்னு ஸ்டூடண்ட் கவுன்சில் கேட்கணும். மரபணு, மருந்து எதிர்ப்பு, அல்காரிதம், பள்ளிக்கரணை எல்லாம் ஒரே பேப்பர்ல வரலாம், எல்லா டிபார்ட்மெண்டுக்கும் பொருந்தும். அது வர்ற வரைக்கும் செய்யக்கூடியது ரெண்டு: ஹாஸ்டல் மொட்டைமாடி டேங்குக்கு மூடி இருக்கான்னு போய்ப் பாருங்க, டாக்டர் அஞ்சு நாளைக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை ரெண்டாம் நாள் நல்லாயிட்டேன்னு நீங்களா நிறுத்தாதீங்க.

அடுத்த தடவை சிங்கம் ஸ்லைடு வந்தா, கை தூக்கி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “சார், எந்தச் சூழலுக்கு ஃபிட்?”